"கூட யாரு வந்திருக்கா?": நடைபாதையில் வாழ்பவர்களுக்கு மருத்துவ உதவி செய்ய ஒரு வழிகாட்டி

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றதும் வருகிற முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது. "கூட யாரு வந்திருக்கா?" என்பார்கள். எடுத்த ரத்தத்தை லேபில் கொடுக்க ஆள் வேண்டும். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். ராத்திரி பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகவும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டிலிருந்து மாத்திரைவரை இலவசம்தான். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவரிடம் இல்லாதது, அந்தக் கேள்விக்கு "நான்தான்" என்று சொல்ல ஒரு ஆள்.

சென்னை சென்ட்ரலைச் சுற்றி, வால்டாக்ஸ் ரோடு, பாரிமுனை, மின்ட் பக்கம் சனிக்கிழமை இரவுகளில் நாலைந்து பேர் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தபோது எங்களுக்கு இது புரியவில்லை. பை நிறைய மாத்திரையோடு போனோம். மூன்று மாதம் கழித்துத்தான் பை சின்னதாகி, நோட்டு பெரிதானது. உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு தொடங்க நினைத்தால், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

1. யார் எதைச் செய்யலாம் என்று முதலில் கோடு போடுங்கள்

குழுவில் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவராவது வேண்டும். வாரா வாரம் அவரே வர முடியாவிட்டாலும், போனில் கேட்டால் பதில் சொல்கிறவராக இருக்க வேண்டும். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கிடைத்தால் அதைவிட நல்லது. புண் கழுவுவதில் மருத்துவர்களைவிட அவர்கள் கை பழகிய கை. மற்றவர்கள் பேசலாம், எழுதலாம், பி.பி. பார்க்கலாம், கழுவிக் கட்டலாம், கூடப் போகலாம். ஊசி போடுவதும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் நம் வேலை இல்லை. "போன வாரம் கொடுத்தீங்களே, அந்தச் சிவப்பு மாத்திரை" என்று கேட்டு நாலு பேர் வரிசையில் நின்றால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தெலுங்கோ இந்தியோ பேசுகிற ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் இறங்கி வழி தவறியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

2. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மூலை

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்து தடவை போங்கள். முதல் நாலு வாரம் யாரும் புண்ணைக் காட்ட மாட்டார்கள். தலைவலி மாத்திரை கேட்பார்கள். ஐந்தாவது வாரம் ஒருவர் வேட்டியை விலக்கிக் காட்டுவார்.

அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. பிச்சையெடுப்பதைத் தடுக்க 1945-இல் போட்ட சட்டம் இந்த ஊரில் உண்டு. வேனில் ஏற்றிக்கொண்டு போன கதையை ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் சொல்வார். சீருடை மாதிரி ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். பிரியாணி பொட்டலத்தோடு செல்ஃபி எடுத்துப் போகிறவர்களை அவர்கள் பார்த்துச் சலித்திருக்கிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் போவதுதான் சரி. பகலில் குப்பை பொறுக்கவும் மூட்டை தூக்கவும் போய்விடுவார்கள். ரொம்பத் தாமதமாகப் போனால் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

3. குனியாதீர்கள், உட்காருங்கள்

நின்றபடி குனிந்து பேசுகிறவர் போலீஸாகவோ கார்ப்பரேஷன்காரராகவோதான் இருப்பார் என்பது அவர்கள் அனுபவம். ஒரு நியூஸ் பேப்பரை விரித்துப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரித்திருக்கும் சாக்கில் கேட்காமல் உட்காராதீர்கள். அது அவர் வீடு. வயதானவரை "அய்யா", "அம்மா" என்றும், மற்றவர்களை "அண்ணே", "அக்கா" என்றும் கூப்பிடுங்கள். "தாத்தா" என்றால் சிலருக்குக் கோபம் வரும். ஐம்பது வயதிலேயே எழுபது போலத் தெரிகிறவர்கள் அவர்கள்.

முதல் கேள்வி "சாப்டீங்களா?" என்று இருக்கட்டும். அது மரியாதைக்கு மட்டும் கேட்பதல்ல. என்ன மாத்திரை கொடுக்கலாம் என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. நோட்டு

நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், அவர் சொல்கிற வயது, சொந்த ஊர், படுக்கும் இடம் ("பிரிட்ஜுக்குக் கீழ மூணாவது தூண், பச்சைத் தார்ப்பாய்"), உடம்பில் ஒரு அடையாளம், கடைசியாகப் பார்த்த பி.பி., சர்க்கரை, எந்த மருத்துவமனைச் சீட்டு என்பதை எழுதுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் நிர்ப்பந்திக்காதீர்கள். இடம் விட்டு வையுங்கள். ஒருநாள் தானாகச் சொல்வார்.

அவரிடம் போன் இருக்காது, இருந்தாலும் அடுத்த வாரம் தொலைந்திருக்கும். பக்கத்து டீக்கடைக்காரர் எண்ணை அந்தப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் எங்களுடைய நர்ஸிங் ஸ்டேஷன் டீக்கடைதான். எங்கள் ஆள் ஒருவருக்கு வலிப்பு மாத்திரை. தலைமாட்டில் வைத்தால் மழையில் கரையும், இல்லாவிட்டால் பையோடு திருட்டுப் போகும். கடைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலையில் டீயோடு ஒன்று, ராத்திரி கடை மூடும்போது ஒன்று. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாக வரும் என்று சொன்னதிலிருந்து, எங்களைவிட அவர்தான் கண்டிப்பு.

5. பையில் என்ன

நார்மல் சலைன் பாட்டில், காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், பெடாடின், கையுறை, பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் மெஷின், தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், நெற்றியில் கட்டும் டார்ச். கழற்றிய கட்டுகளுக்குத் தனிப் பை. சர்க்கரை பார்க்கக் குத்திய ஊசி முனைகளுக்கு மூடி போட்ட கெட்டி டப்பா. அவற்றைத் தெருக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அதைக் கிளறுகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

மருந்தல்லாத சாமான்தான் அதிகம் செலவாகும்: நெய்ல் கட்டர், ஹவாய் செருப்பு, லுங்கி, நைட்டி, உள்ளாடை, நாப்கின், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். கவர் எதற்கென்றால், ஓ.பி. சீட்டு நனையாமல் இருக்க. சீட்டு கிழிந்துபோனால் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்துதான்.

6. காலில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜிம் ஓ'கானல் என்ற மருத்துவர் 1985-இல் வீடற்றவர்களுக்கான வேலையில் சேர்ந்தபோது, அங்கிருந்த நர்ஸுகள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு, வருகிறவர்களின் காலைக் கழுவச் சொன்னார்கள். ஊர் வேறு, குளிர் வேறு, ஆனால் அந்த நர்ஸுகள் சொன்னது பாரிமுனைக்கும் அப்படியே பொருந்துகிறது. நாள் முழுக்க நடப்பவர்களுக்குக் காலில்தான் எல்லாம் எழுதியிருக்கும்.

ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். அவரைக் கேட்காதீர்கள், சர்க்கரை நோயில் உணர்ச்சி போன காலுக்குச் சூடு தெரியாது. பத்து நிமிடம் ஊறட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பேசுவதை வேறு எந்தக் கேள்வியாலும் வாங்க முடியாது. பிறகு துடைத்துவிட்டு விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள்.

கத்திரி வெயிலில் ஒருவர் உள்ளங்கால் முழுக்க கொப்புளத்தோடு இருந்தார். தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார், சுட்டது தெரியவே இல்லை. "எப்பருந்து இப்படி?" என்றால், "எப்படி?" என்று திருப்பிக் கேட்டார். பஞ்சால் தொட்டுப் பார்த்தோம், உணர்ச்சி இல்லை. இப்படி உணர்ச்சி இல்லாத கால் என்றால் முதலில் சர்க்கரை பாருங்கள். தோலில் நிறம் மங்கிய, தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் தொழுநோயையும் சந்தேகியுங்கள். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதாகச் சாப்பிட்டால் குணமாகும்.

புண்ணைச் சலைனால் நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், ஈரக் காஸ் வைத்து மேலே உலர்ந்த கட்டு போடுங்கள். மஞ்சள், காபித்தூள், பீடிச் சாம்பல் எல்லாம் வைத்திருப்பார்கள். திட்டாமல் கழுவிவிடுங்கள். புழு வைத்த புண் என்றால் முகத்தில் எதையும் காட்டாதீர்கள். அவருக்கே அருவருப்பு, அதனால்தான் ஒரு வாரமாகச் சொல்லாமல் இருந்திருப்பார். டர்பன்டைன் வைத்துப் புழுவை எடுப்பதை மருத்துவமனை டிரெஸ்ஸிங் ரூமில் செய்யட்டும், டெட்டனஸ் ஊசியும் அங்கேயே. சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, கறுத்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்று ராத்திரியே கூட்டிப் போக வேண்டும்.

நாய்க்கடியா? எத்தனை சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஊசி அரசு மருத்துவமனையில் உண்டு: முதல் நாள், 3, 7, 28. முதல் ஊசிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். 28-ஆம் நாளை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

7. தெருவுக்குத் தோதான மருந்தா என்று கேளுங்கள்

ஓ.பி.யில் எழுதிய மருந்து சரியாகத்தான் இருக்கும், வீடு இருப்பவருக்கு. வீடில்லாதவருக்கு அதே மாத்திரை ஆபத்தாகலாம். இதை எங்கள் மருத்துவர்தான் முதலில் பிடித்தார். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரைகள், ஆள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும். அடுத்த வேளை சாப்பாடு நிச்சயமில்லாத ஒருவர் அதை "கரெக்டா" போட்டுக்கொண்டால் பிளாட்பாரத்திலேயே மயங்கிக் கிடப்பார். போகிறவர்கள் குடிகாரன் என்று தாண்டிப் போவார்கள். அதனால்தான் "சாப்டீங்களா?" முதலில். மாத்திரையை மாற்ற முடியுமா என்று எழுதியவரிடமே கேளுங்கள். "இவர் பிளாட்பாரத்தில் இருக்கிறார், ஒரு வேளைதான் சாப்பாடு" என்று சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் யோசித்து மாற்றித் தருவார்கள். யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

அதேபோல பி.பி.க்கு, சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை. கழிப்பறை இல்லாத பெண் அதை விழுங்க மாட்டார், அல்லது விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். ராத்திரி ஒதுங்கப் பயந்து சாயங்காலம் நாலு மணியிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடும் பெண்கள் அங்கே நிறைய. நீர்க்கடுப்பு என்று சொல்கிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள். பெண்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் மாத்திரை கிடைத்தால் அதுவே நல்லது. "சாப்பாட்டுக்குப் பின்" என்று இருந்தால் அம்மா உணவகத்தோடு முடிச்சுப் போடுங்கள். 2013-இல் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு வந்த இட்லிதான் எங்கள் ஆட்களில் பலருக்குக் காலை மாத்திரையின் கடிகாரம்.

சொறி சிரங்குக்கு உடம்பு முழுக்கத் தடவும் பெர்மெத்ரின் கிரீமைக் கொடுத்து, "ராத்திரி பூசிக் காலையில் குளிச்சுத் துணியை மாத்துங்க" என்றால், எங்கே குளிப்பது, எந்தத் துணியை மாற்றுவது? மாத்திரையாகக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒன்றாகப் படுக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், மாற்றுத் துணியோடு.

இன்சுலின் பெரிய தலைவலி. திறந்த பாட்டிலை வெயில் படாத அறையில் ஏறக்குறைய நாலு வாரம் வைக்கலாம் என்பார்கள். பிளாட்பாரம் அறை இல்லை. ஈர மணலில் வைத்த சின்ன மண்பானை ஓரளவு தாங்கும். முடிந்தால் அவரைத் தங்குமிடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

8. இரண்டு வார இருமல்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது இருந்தால் சளிப் பரிசோதனை. டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினால் திரும்பி வராது. நீங்கள் கூடப் போங்கள். காசநோய் என்று வந்தால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம், மருந்து இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆனால் அது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குத் தொடங்குவதும் உங்கள் வேலைதான்.

மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட ஒருவர் "ரத்தம் போவுதுபா" என்று மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்.

மிகவும் மெலிந்து, பிடிமானமில்லாமல் நிற்கக்கூட முடியாதவரைத் தெருவில் வைத்து மாத்திரை கொடுக்காதீர்கள். இப்படிப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வார்டில் சேர்ப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லியே அட்மிஷன் கேளுங்கள்.

9. தனக்குள் பேசிக்கொண்டிருப்பவர்

அவசரப்பட்டால் காரியம் கெடும். பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒரு டீயை வைத்துவிட்டு வாருங்கள். இப்படிப் பல வாரம். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால்தான் போலீஸ். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு, வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடற்றவருக்கு மனநல சிகிச்சை இலவசம் என்கிறது. இந்த இரண்டு பிரிவையும் தமிழில் அச்சடித்துப் பையில் வைத்திருங்கள். ஸ்டேஷனில் வாய்ச்சண்டையைவிடக் காகிதம் வேலை செய்யும்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் வாழும் மனநோயாளிகளோடு நீண்டகாலமாக வேலை செய்கிறது. மற்ற ஊர்களில், சில மாவட்ட அரசு மருத்துவமனைகளை ஒட்டி இவர்களுக்கென்றே மீட்பு மையங்கள் உண்டு. போனில் ஆலோசனை கேட்க 14416.

10. மருத்துவமனைக்குக் கூடப் போவது

108-ஐ அழைக்கும்போது நாலு விஷயம்: எந்த இடம், எதற்கு எதிரே, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி. ஐந்தாவதாக, "கூட நான் வர்றேன்" என்று சொல்லுங்கள். குரலே மாறும்.

சாலை விபத்து என்றால், கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த விதிகள் அவை. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள்.

கேஷுவாலிட்டியில் நோட்டைத் திறந்து பெயரையும் வயதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சீட்டில் "அன்னோன்" (பெயர் தெரியாதவர்) என்று விழுந்துவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. தினமும் குடிப்பவரா? மறைக்காதீர்கள், எத்தனை குவார்ட்டர் என்றே சொல்லுங்கள். குடி நின்ற இரண்டாவது மூன்றாவது நாளில் கை நடுங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேஸ் ஷீட்டில் "அப்ஸ்காண்ட்" (சொல்லாமல் போய்விட்டார்) என்று எழுதி முடித்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் அதற்கும் மருந்து உண்டு, குளுக்கோஸ் ஏற்றும் முன் போட வேண்டிய தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் சேர்த்து.

முதல் மூன்று நாள் முக்கியம். ஆள் மாற்றி ஆள் இருங்கள். லுங்கி, துண்டு, டம்ளர், சோப்பு, பிஸ்கட் பாக்கெட் கட்டிலருகில் இருக்கட்டும். வார்டு துப்புரவுப் பணியாளர் அக்காவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்தான் அட்டெண்டர். மொத்தமாகவே ஆள் போட முடியாவிட்டால் ஆர்.எம்.ஓ.வை (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) பார்த்து எழுத்தில் சொல்லுங்கள். ஒரு மருத்துவமனையில் பெட்ஷீட்டோடு ஒருவரை வராந்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் நாங்கள் ஒரே ஒரு முறை வந்து பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போனதும் திரும்பக் கட்டில் கிடைத்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அறுபது பேருக்கு இரண்டு நர்ஸ்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் எங்கே போவது என்று அட்மிஷன் நாளிலேயே தேடத் தொடங்குங்கள். மாநகராட்சித் தங்குமிடங்களுக்குச் சென்னையில் 1913 என்ற போன் எண்ணில் கேட்கலாம். ஆனால் புண்ணோடு இருப்பவரையும் தானாகக் கழிப்பறை போக முடியாதவரையும் எடுக்கத் தயங்குவார்கள். இந்த ஓட்டையை நாங்கள் இன்னும் அடைக்கவில்லை.

11. அட்டைகள்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது. பி.பி., சர்க்கரை மாத்திரையை வீடு தேடி வந்து கொடுப்பார்கள். தேட ஒரு வீடு வேண்டுமே! பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் பேசி, உங்கள் நோட்டுப் பட்டியலைக் கொடுத்து, "இந்தத் தூண்தான் விலாசம்" என்று சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கேட்பார்கள். ஆதாருக்கு, அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளர் தரும் சான்று விலாசமாகச் செல்லும். அங்கிருந்து தொடங்குங்கள். மாதக் கணக்கில் ஆகும்.

12. மழையும் வெயிலும்

ஐப்பசி கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள், உடனே அனுப்புங்கள். மே மாதத்தில் வியர்வை நின்று உளறுகிறவரை நிழலுக்கு நகர்த்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108 வரும்வரை நிறுத்தாதீர்கள்.

13. ஒருவர் இறந்துபோனால்

இது நடக்கும். ஸ்டேஷனிலிருந்தோ டீக்கடையிலிருந்தோ போன் வரும். பிணவறைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து, உறவினரைத் தேடும் கால அவகாசமும் முடிந்த பிறகு, யாரும் வராவிட்டால் போலீஸின் தடையில்லாக் கடிதம் வாங்கி நீங்களே அடக்கம் செய்யலாம்.

அந்த உள்ளங்கால் கொப்புளக்காரர் அடுத்த தையில் போய்விட்டார். போலீஸ் தாளில் "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60" என்று இருந்தது. எங்கள் நோட்டில் அவர் பக்கத்தில் பெயர், வயது 52, ஊர், வலது முழங்கையில் பச்சை குத்திய வேல் என்று எழுதியிருந்தோம். எஸ்.ஐ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தாளில் இருந்ததை அடித்துவிட்டு எழுதினார். ஊர் பெயரை வைத்து மூன்றாம் நாள் தங்கை வந்தார். அவரைப் பிணவறை வரைக்கும் நாங்கள்தான் கூட்டிப் போனோம். வாசலில் இருந்தவர் வழக்கம்போலக் கேட்டார், "கூட யாரு வந்திருக்கா?"